தேர்ஃபோருக்கு முன்னால் ஒரு வரி

ஜனவரி 6

என் அருமை மருமகளுக்கு,

உன் தாய்மாமன், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சக்கரவர்த்தி, பத்தாயிரம் படுக்கை விரிப்புகளின் ஏக அதிபதி எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் தனி அரசாங்கம் நடத்துகிறது. மாடிப்படி என்ற பேச்சை எடுத்தாலே கடையடைப்பு அறிவித்துவிடுகிறது. உன் இருமல் நின்றதா? மாப்பிள்ளை சௌக்கியமா?

இது ஒரு யாசகக் கடிதம். பயப்படாதே, காசு கேட்கவில்லை. 'அதனால்' என்று சொல்ல இங்கிலீஷில் எத்தனை வார்த்தைகள் உண்டோ அத்தனையும் எனக்கு வேண்டும். ஒரு மூட்டை கட்டி அனுப்பு. லாரி வைத்து இறக்கிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். டிசம்பர் கடைசியில் கூடத்தில் ஒரு விபத்து. உருளை இஸ்திரி இயந்திரத்தில் தந்தியின் வலது கை மாட்டிக்கொண்டது. தந்தியை உனக்கு நினைவிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக என் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவன். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் கட்டணம் கூடிவிடும் என்பது போலப் பேசுகிறானே என்று நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். உயிருக்கு ஆபத்தில்லை. நாலு விரல் போய்விட்டது.

தலைமை அலுவலகம் விசாரிக்கிறது. நான் அருகில் நின்ற சாட்சி. வாக்குமூலம் இங்கிலீஷில் வேண்டுமாம். என் கையிருப்பில் உள்ள ஒரே இங்கிலீஷ் 'அதனால்', 'சோ'தான். அதை வைத்தே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னய்யா இது, வரிக்கு வரி சோ சோன்னு மழை பெய்யுது" என்றார்.

எனவே அனுப்பு. அத்தை ஆசி சொல்லச் சொன்னாள்.

உன் மாமா


ஜனவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இருமல் நின்றுவிட்டது. முழங்கால் அரசாங்கத்தோடு சமாதானம் பேசி, தைலம் தடவிக்கொள்ளுங்கள்.

தந்தி மாமாவின் விஷயம் படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. இப்போது எப்படி இருக்கிறார்? வீட்டுக்கு வந்துவிட்டாரா? அவரை என்ன செய்யப்போகிறார்கள்?

நீங்கள் கேட்டது என் பிழைப்பு சம்பந்தப்பட்டது. கப்பலில் வரும் சரக்கு நனைந்தாலோ நொறுங்கினாலோ, எதனால் எது ஆனது என்று அறிக்கை எழுதுவதுதான் பன்னிரண்டு வருஷமாக என் வேலை. சொல்கிறேன். தேர்ஃபோர், நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சொல். முன்னால் சொன்னதை ஒப்புக்கொண்டால் பின்னால் வருவதையும் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்று மேஜையில் சுத்தியலை அடிக்கும். அஸ் எ ரிசல்ட் கொஞ்சம் சாது. நடந்ததைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கான்சிக்வென்ட்லி அதே ஆள்தான், கோட்டு போட்டிருக்கும். லெட் டு என்றால் ஒன்று மெல்ல மெல்ல இன்னொன்றில் கொண்டுபோய் விட்டது என்று அர்த்தம். ஹென்ஸும் தஸ்ஸும் வயதாகிப்போனவை. விசாரணைக்கு அழைத்துவர வேண்டாம்.

ஒரு கூலி கேட்கிறேன். கஞ்சி அதிகமாகி விறைத்துப்போன விரிப்பு தானாக எழுந்து நடந்து, ஆஸ்பத்திரியைச் சுற்றிவிட்டு, பெரிய டாக்டர் அறைக்குப் போகுமே, அந்தக் கதையை ஒரு தடவை எழுதி அனுப்புங்கள். போன வாரம் உங்கள் மாப்பிள்ளைக்கு நான் சொன்னேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். எங்கேயோ கோட்டை விட்டுவிட்டேன்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்


ஜனவரி 29

சொற்களின் மகாராணிக்கு,

மூட்டை வந்து சேர்ந்தது. பிரித்ததும் தேர்ஃபோர் குதித்து வெளியே வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது. அத்தை டீ கொடுத்தாள். கான்சிக்வென்ட்லியை உச்சரித்துப் பார்த்ததில் என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. மற்றபடி இருவரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

தந்தி வீடு திரும்பிவிட்டான். அவன் கதி விசாரணையின் முடிவில் இருக்கிறது. முதலில் எங்கள் முறையைச் சொல்கிறேன். நம் இயந்திரம் ஒரு பஸ் நீளம். இந்தக் கோடியில் ஈர விரிப்பை ஊட்டினால் சூடான உருளைகளுக்குள் போய் அந்தக் கோடியில் சுருக்கமில்லாமல் வரும். நடுவில் துணி சிக்கினால், அந்தக் கோடியில் இருக்கும் விசைக்காரம்மா நிறுத்துவார். இங்கே இருப்பவன் கையை உள்ளே விட்டுச் சிக்கலை எடுப்பான். ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மற்ற இயந்திரங்களின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதற்காக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. இரும்பு மேஜை ஒன்று முழு நீளத்துக்கும் ஓடுகிறது. கையை வெளியே எடுத்ததும் அதில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. அந்தக் கோடியில் அந்த அம்மாவின் உள்ளங்கையில் அது அதிரும். இரண்டு தட்டு என்றால் 'கை வெளியே, ஓட்டலாம்'. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. இருபது வருஷமாக நடக்கிறது.

தந்தி கையை எடுக்காமலே தட்டிவிட்டான் என்று முடிவானால் அது அவன் கவனக்குறைவு. வேலை போய்விடும். அவன்மேல் தவறில்லை என்றால் எண்ணும் அறையில் உட்கார்ந்து துணிக்கணக்கு எழுதும் நாற்காலி தருவார்கள்.

என் வாக்குமூலம் இப்படி: டூ நாக்ஸ் வேர் ஹேர்ட். தேர்ஃபோர் த மெஷின் வாஸ் ஸ்டார்ட்டட். கான்சிக்வென்ட்லி ஹிஸ் ஹேண்ட் வாஸ் காட். அஸ் எ ரிசல்ட் ஹி லாஸ்ட் ஃபோர் ஃபிங்கர்ஸ். இரண்டு தட்டுக் கேட்டது, ஆகவே இயந்திரம் ஓடியது, அதனால் கை மாட்டியது, முடிவில் விரல்கள் போயின. நீ கொடுத்ததில் மூன்றைப் போட்டிருக்கிறேன். ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு போகிறது, பார். பிழையிருந்தால் திருத்தி அனுப்பு.

உன் மாமா


பிப்ரவரி 8

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். பல் டாக்டரிடம் காட்டினீர்களா?

வாக்கியங்களில் பிழையில்லை. ஆனால் தேர்ஃபோருக்கு முன்னால் ஒரு வரி குறைகிறது. இரண்டு தட்டுக் கேட்டது என்கிறீர்கள். யார் தட்டினார்கள்?

நான் அலுவலகத்தில் கேட்பது போலக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தந்தி மாமாவின் வலது கை உள்ளே இருந்தது. அப்படியென்றால் இடது கையால் தட்டினாரா? சிக்கிய துணியை எடுக்க இரண்டு கையும் வேண்டாமா? இருபது வருஷமாக, கை வெளியே வந்த பிறகு மட்டும் தட்டிப் பழகியவர் அன்றைக்கு மட்டும் ஏன் முந்தித் தட்டினார்? அவர் என்ன சொல்கிறார்?

இதெல்லாம் தெரியாமல் தேர்ஃபோர் போட்டால், படிக்கிறவர் தானே ஒரு பெயரை அங்கே எழுதிக்கொள்வார். அது தந்தி மாமாவின் பெயராகத்தான் இருக்கும்.

நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள்?

விரிப்புக் கதைக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 27

மருமகளுக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் மழை. சாதாரண மழையென்று நினைக்காதே. எங்கள் தெருவில் மீன்கள் குடை பிடித்துக்கொண்டு போகின்றன. தபால்காரர் ஒரு தவளையை வேலைக்கு வைத்துக்கொண்டுதான் கடிதம் பட்டுவாடா செய்கிறார். பல்லும் ஆடுவதை நிறுத்திவிட்டது, நனைந்து ஊறிப்போய்.

விசாரணையை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

தந்தியைப் பார்க்கப் போனேன். இடது கையால் எழுதப் பழகுகிறான். ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க ஒன்று முதல் நூறு வரை. ஐந்து மட்டும் வரமாட்டேன் என்கிறது, வயிற்றுவலிக்காரன் மாதிரி குனிந்துகொள்கிறது. எண்ணும் அறை நாற்காலிக்குத் தயாராகிறான். முதலில் ஆஸ்பத்திரியில் வைத்து, "நான் தட்டலே" என்று சொன்னான். யாரும் நம்பவில்லை. விசைக்காரம்மா தன் உள்ளங்கையில் அதிர்ந்தது என்று சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

இந்தத் தடவை நோட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னான்: "தட்டியிருப்பேன் போல."

நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

நீ கேட்ட வரி எனக்குத் தெரியாது. இருக்கிற வரிகளை அழகுபடுத்தி அனுப்பு, போதும். உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


மார்ச் 12

என் கண்ணுக்கு,

அத்தை எழுதுறேன். எனக்கு உன் மாமா மாதிரி ஜோடிச்சு எழுத வராது. நான் நல்லா இருக்கேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்.

நான் எழுதினதை அவர்கிட்ட சொல்லாதே. அவர் உனக்கு எழுதினதுல பாதிதான் என் கண்ணுல பட்டுச்சு, மழை மழைன்னு எழுதியிருந்ததை நம்பாதே. இங்க ஒரு சொட்டு விழலே. பல்லும் ஆடலே.

உன் மாமா வீட்ல பேசுறதே இல்லை. முப்பது வருஷமா நான் சாப்பாட்டு மேஜையில டம்ளரைக் கையால பிடிச்சுக்கிட்டுத்தான் சாப்பிட்டிருக்கேன். கதை சொல்றேன்னு அவர் தட்டுற தட்டுல தண்ணி என் மடியில கொட்டும். இப்ப ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உட்கார்றார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாக்கூட எழுந்து நின்னுடறார். "என்ன ஆச்சு உங்களுக்கு"ன்னு கேட்டேன். "துணி மடிச்சு மடிச்சு கை வலிக்குது"ங்கறார்.

நண்பனுக்கு இப்படி ஆச்சேங்கற துக்கம்னு முதல்ல நினைச்சேன். துக்கம்னா அவர் தந்தி வீட்டுக்குப் போகணும்ல. போறதையும் நிறுத்திட்டார். தந்தி சம்சாரம் கடைத்தெருவுல என்னைப் பார்த்து, "அண்ணன் ஏன் வர்றதில்லே"ன்னு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?

நீ கேட்டா சொல்வார். எனக்குக் கேட்கப் பயமா இருக்கு.

அத்தை


மார்ச் 21

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எப்படியிருக்கிறீர்கள் என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உங்கள் மாப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கிடங்கில் காகித உருளைகள் நனைந்துவிட்டன. காவல்காரர் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார், கான்சிக்வென்ட்லி மழைநீர் புகுந்தது என்று எழுதினேன். அவரை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, அதே கிடங்கின் புகைப்படங்களை வேறு எதற்காகவோ பார்த்தேன். தண்ணீர்க் கறை கூரையிலிருந்து கீழே இறங்கியிருந்தது. கதவுப் பக்கம் தரை காய்ந்து கிடந்தது. படத்தைக் கோப்பிலேயே வைத்துக் கட்டிவிட்டேன். அந்தக் காவல்காரரின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை டைப் அடிக்கும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கிறது.

ஜனவரியில் உங்களிடம் ஒரு கதை கேட்டேன். இரண்டு மாதமாகிறது. கதை கேட்டு நீங்கள் தராமல் இருந்தது என் ஆயுளில் இதுவே முதல் தடவை. எனக்கு அது எங்கே பிசகியது என்று இப்போதுதான் நினைவு வந்தது. விரிப்பு பெரிய டாக்டரின் கதவைத் தட்டும் இடத்தை நான் வாயால் சொன்னேன். நீங்கள் வாயால் சொல்ல மாட்டீர்கள். பேச்சை நிறுத்திவிட்டு, எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜையில் விரல் முட்டியால் தட்டுவீர்கள். இரண்டு தடவை.

மாமா, அன்றைக்கு யாருக்காவது அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்களா?

உங்கள் மருமகள்


ஏப்ரல் 24

மருமகளே,

நான் இருக்கிறேன். நீங்கள் நலமாக இருக்கவேண்டும்.

உன் கடிதம் ஒரு மாதமாகச் சட்டைப்பையில் இருக்கிறது. மடிப்பு கிழிந்துவிட்டது.

ஆமாம். புதிதாக இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். தந்திக்குக் கொஞ்சம் தள்ளி, மடிக்கிற இடத்தில், அதே இரும்பு மேஜையருகே நின்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இயந்திரம் நின்றது. தந்தி குனிந்து கையை உள்ளே விட்டதைப் பார்த்தேன். கதை அப்போது நல்ல இடத்தில் இருந்தது. அவர்கள் இருவரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். அந்த முகங்களைப் பார்த்தால் என்னால் நிறுத்த முடியாது. தட்டினேன்.

அவன் கத்தவில்லை. "கை" என்றான். அவ்வளவுதான். புதியவர்கள் கதைக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இன்னும் சிரித்து முடித்திருக்கவில்லை.

முதல் நாள் பயத்தில் பேசவில்லை. ஓய்வுக்கு ஏழு மாதம்தான் இருந்தது. மறுநாள் எல்லோரும் தந்திதான் தட்டினான் என்றார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் புதியவர்களுக்கு நம் தட்டு முறையே தெரியாது, அதனால் அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு அவன், தட்டியிருப்பேன் போல என்று சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியவில்லை. கையை மட்டும் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவன் தன்னைப் பற்றி அறிந்து வைத்திருந்ததையும் எடுத்துவிட்டேன்.

உன்னிடம் ஏன் வார்த்தை கேட்டேன் தெரியுமா? பளபளவென்று நாலு வார்த்தையை அடுக்கிவிட்டால் நடுவில் இல்லாததை யாரும் தேடமாட்டார்கள் என்று. ஊரே என்னை அண்டப்புளுகன் என்று சொல்லும். நானும் பெருமையாகத்தான் இருந்தேன். இத்தனை வருஷப் புளுகில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இந்த வாக்குமூலத்தில் ஒரு பொய்கூட இல்லை. பார்.

விசாரணையை மறுபடியும் தள்ளிவிட்டார்கள், மே பதினைந்து.

மாமா


மே 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சாப்பிடுங்கள், தூங்குங்கள். அத்தையிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் தாங்குவார்கள்.

ஒரு தாள் இணைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதை இங்கிலீஷில் வைத்தேன், வேறொன்றும் சேர்க்கவில்லை. நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். என் நண்பர் இயந்திரத்துக்குள் கையை விட்டதைப் பார்த்தேன். கதைக்காக மேஜையில் இரண்டு தடவை தட்டினேன். அவர் தட்டவில்லை. கை வெளியே வந்துவிட்டது என்பதற்கு எங்களிடம் உள்ள அடையாளம் அதுதான், தேர்ஃபோர் அந்த அம்மா இயந்திரத்தை ஓட்டினார். இப்படிப் போகிறது. ஒரே ஒரு தேர்ஃபோர்தான் தேவைப்பட்டது. அதையும் அந்த அம்மாவுக்காகப் போட்டேன். அவர்மேலும் தவறில்லை என்று அது சொல்லிவிடும்.

இதைக் கொடுத்தால் உங்கள் வேலை போகும். அதை இல்லையென்று சொல்ல எந்த மொழியிலும் எனக்கு வார்த்தை தெரியவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அது உங்களுடையது. கொடுப்பதென்றால், விசாரணைக்கு முன்னால் தந்தி மாமாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் அதை ஒரு காகிதத்தில் படிக்கக்கூடாது.

நானும் நேற்று எங்கள் தலைமைக்கு அந்தக் கூரையின் படத்தை வைத்து ஒரு கடிதம் எழுதினேன். காவல்காரரின் முகவரி கேட்டிருக்கிறேன்.

உங்கள் மருமகள்


ஜூன் 19

என் அருமை மருமகளுக்கு,

முன்னாள் சக்கரவர்த்தி எழுதுவது. ராஜ்ஜியத்தை இறக்கி வைத்தாகிவிட்டது. கிரீடத்தை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒரு மேலங்கியும் அடையாள அட்டையும் பூட்டுச் சாவியும்தான் இருந்தன, கொடுத்தேன். முழங்காலுக்கு ஓய்வு. அத்தை நலம். டம்ளரைப் பிடிக்காமல் சாப்பிடுகிறாள், ஆனால் பழக்கதோஷத்தில் கை அங்கேதான் போகிறது. உங்கள் நலம் எழுது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் தந்தி வீட்டுக்குப் போனேன். அத்தையும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அவன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். ஐந்து சரியாக வந்திருந்தது. நின்றுகொண்டே சொன்னேன். ஜோடிக்கவில்லை. உட்காரச் சொல்வான் என்றும் காத்திருக்கவில்லை.

பேனாவைக் கீழே வைத்தான்.

"அப்போ நான் தட்டலே?"

"இல்லேடா. நீ தட்டலே."

எழுந்து சமையலறைப் பக்கம் போனான். "ஏம்மா, நான் தட்டலையாம்" என்றான் சம்சாரத்திடம். அவள் கையில் மாவோடு வந்து நின்றாள். "நான் தட்டலையாம். அப்பவே சொன்னேன்ல. நான் எப்படித் தட்டுவேன், கை உள்ளே இருக்கும்போது நான் எப்படித் தட்டுவேன்?" இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. மறுபடி மறுபடி அதையே சொன்னான். முகம் விபத்துக்கு முன்னால் இருந்த மாதிரி ஆகிவிட்டது.

பிறகு நான் அங்கே நிற்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. என் கையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ போ" என்றான்.

வந்துவிட்டேன்.

தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேலாளர் இரண்டு தடவை படித்தார், சோ மழை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விசைக்காரம்மா வாசலில் நின்றிருந்தார். "அஞ்சு மாசமா என் கையைத்தான்யா பார்த்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். தந்தி எண்ணும் அறையில் சேர்ந்து இன்றைக்கு ஒன்பதாம் நாள். ஜன்னலோரம் நாற்காலி. தெருவிலிருந்து பார்த்தால் அவன் தலை தெரியும். நான் எதிர்ப்பக்க நடைபாதையில் போகிறேன். அவன் என் வீட்டுக்கு வரவில்லை. வருவான் என்று எழுதி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன்.

இரும்பு மேஜைமேல் இப்போது ஒரு மணி வைத்திருக்கிறார்களாம், கேள்விப்பட்டேன்.

உன் காவல்காரரின் முகவரி கிடைத்ததா? கிடைத்தால் நேரில் போ. நின்றுகொண்டே சொல். அவர் உட்காரச் சொல்லாவிட்டாலும் முழுக்கச் சொல்லிவிட்டு வா.

ஜனவரியில் நீ கேட்ட கதையை நான் மறக்கவில்லை. எழுதி அனுப்புகிற கதை இல்லை அது. நீ இங்கே வரும்போது சொல்கிறேன். கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்ல வருகிறதா என்று பார்ப்போம்.

உன் மாமா